ஜூஜுவாடி சாவடியில் ஒரு பச்சைக் கல்

கங்கப்பனுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது அவன் மூக்கு. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. சிபாரிசுக்கு ஆள் கிடையாது. ஆனால் வைக்கோல் வண்டி பத்தடி தள்ளி வரும்போதே அதற்குள் சாராயப் பானை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். சேலம் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் மைசூர் சீமை, அங்கே சட்டம் வேறு. இப்படி ஒரு எல்லை இருந்தால் அங்கே என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளியிலிருந்து பூசணிக்காய்க்குள்ளும் சாராயம் வந்தது, கல்யாணப் பெண்ணின் டிரங்குப் பெட்டிக்குள்ளும் வந்தது. அதைப் பிடிக்கத்தான் ஜூஜுவாடியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டையும், பக்கத்தில் ஓடு போட்ட சின்னச் சாவடியும் வைத்து, கட்டையைத் தூக்கி இறக்கக் கங்கப்பனைப் போட்டார்கள்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஏழு வருஷமும் அவன் டெம்பரவரிதான். லாரிக்காரன் ஒரு பீடி நீட்டினால்கூட வாங்க மாட்டான். பெரிய யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்காக அல்ல. ஓசியில் வாங்கினால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று அவனாக ஒரு பயத்தை வளர்த்து வைத்திருந்தான். அந்தச் சாவடியில் இருந்தவர்களிலேயே கை நீட்டாதவன் அவன் ஒருவன்தான் என்று அவன் ஊரான மூக்கண்டப்பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். 'கங்கப்பன் கட்டை' என்றே அந்தத் தடுப்புக்குப் பெயர் விழுந்திருந்தது. இந்த வருஷம் பர்மனெண்ட் ஆகிவிடும் என்று சாவடி ரைட்டர் சொல்லியிருந்தார். மனைவி முனிலட்சுமியும் நான்கு வயது மகள் கெம்பம்மாவும் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் மதராஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தகர டப்பி ஒன்று, கூடவே ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷ் உத்தரவு. ரைட்டர் நாராயணப்பன் பாகலூர்ப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, எட்டாவது வரை படித்தவர். உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கங்கப்பா, இனிமே நாம கல்லு புடிக்கணும்."

"என்னா கல்லுங்க?"

"பச்சைக் கல்லு. பெரில்னு பேராம். அணுகுண்டு சமாச்சாரம். ஏரோப்ளேனுக்கும் ஆவுமாம். சர்க்கார் லைசென்சு இல்லாம ஒரு கல்லுகூடத் தேசத்தை உட்டுப் போவக்கூடாதாம்."

"கல்லுல எப்பிடிங்க குண்டு செய்வாங்க?"

"எனக்கென்னாப்பா தெரியும்? செய்யறாங்களாம். யாவாரிங்க கிராமத்துல பொறுக்கி, மூட்டை கட்டி, பெங்களூர் வழியா பம்பாய்க்குக் கொண்டுபோயிக் கப்பல்ல ஏத்தறாங்களாம். வெளிநாட்டான் பட்டாளத்துக்கு வாங்கறானாம்."

கங்கப்பன் டப்பியைத் திறந்து பார்த்தான். கட்டை விரல் அளவுக்கு ஒரு கல். அழுக்குப் பச்சை. ஆறு பட்டை. முகர்ந்து பார்த்தான், ஒரு வாசனையும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தான், கல் ருசிதான். அந்த நிமிஷத்திலிருந்தே அவனுக்குக் குழப்பம் ஆரம்பமாகிவிட்டது. ஏழு வருஷமாக அவன் வடக்கே பார்த்து நின்று பழகியவன். உள்ளே வருவதுதான் திருட்டு, வெளியே போவது அவரவர் பிழைப்பு. இப்போது தெற்கே பார்த்து நிற்கச் சொல்கிறார்கள்.

"அய்யா, அப்ப மைசூரு வெளிநாடுங்களா?"

நாராயணப்பன் யோசித்தார். மகாராஜா காலத்தில் அது வேறு சீமைதான். இப்போது அது இந்தியா. ஆனால் உத்தரவில் சாவடிகள் என்று போட்டிருக்கிறதே? "அதெல்லாம் நமக்கெதுக்கு? கட்டையைத் தாண்டினா நம்ம கையை உட்டுப் போச்சு. அவ்வளவுதான்" என்றார். அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கம் ஆபீசில் கிடையாது.

பாதுகாப்புப் பொருள் என்பதால் டப்பிக்குப் பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டுமாம். ரைட்டர் சூடு கண்ட பூனை. பேனாவைக் கங்கப்பன் கையில் கொடுத்துக் கோணல் எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் கட்டைக்கருகில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! பர்கூரிலிருந்து கருங்கல் ஏற்றி வந்த வண்டிகளை நாள் முழுக்க நிறுத்திவைத்தார்கள். கருப்புதானே, பச்சை இல்லையே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் உள்ளே பச்சையாக இருந்தால்? ஒரு கல்லை உடைத்துப் பார்த்ததில் வண்டிக்காரன் மண்ணை வாரித் தூற்றினான். பஸ்ஸில் வந்த செட்டியார் ஒருவரின் மோதிரக் கல்லை டப்பிக் கல்லோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். அத்திப்பள்ளிக்காரன் ஒருவன் மூட்டையைத் தானே அவிழ்த்துக் கொட்டி, "பரீ கல்லு, சாமி, பரீ கல்லு!" என்று கன்னடத்தில் கத்தினான். வெறும் கல் என்றுதான் சொன்னான். அந்த வெறும் கல்தானே இப்போது பயம்!

அதிகம் மாட்டிக்கொண்டவன் அம்மிக்கல் விற்கும் திம்மப்பன். வாரா வாரம் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் சந்தைக்குப் போகிறவன். ஐந்தாவது வாரம் அவனுக்கும் பொறுக்கவில்லை.

"எப்பா கங்கப்பா, இது அம்மி. இதுல மொளகா அரைக்கலாம். இத வச்சி மாமியாளும் மருமவளும் வேணா சண்டை போடுவாங்க, பட்டாளம் போடாது."

"தெரியுதுண்ணா. ஆனா உத்தரவு."

"உத்தரவு போட்டவன் இந்தக் கல்லைப் பார்த்திருக்கானா?"

கங்கப்பன் அம்மியை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தான். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் கல்லாகவே வந்தது. சாராயம் என்றால் குடித்தவன் ஆடுவான், பெண்டாட்டியை அடிப்பான், குடி கெடும். தடுத்தால் ஒரு நியாயம் தெரியும். இந்தக் கல் யாரை என்ன செய்கிறது? யாருடைய யுத்தத்துக்கு யார் போகிறார்கள்? தான் நல்லது செய்கிறோமா வண்டிக்காரன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமா என்றே அவனுக்கு விளங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. பட்டறையானாலும் போலீஸ் ஸ்டேஷனானாலும் வேலை செய்யும் சாமானுக்கு அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? சாவடியைக் கழுவிவிட்டு, மூங்கில் கட்டைக்கு மாலை போட்டு, ரெஜிஸ்தர், முத்திரை, லாந்தர், மைக்கூடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். "கல்லையும் வைப்பா. இந்த வருஷம் அதுதானே நம்ம தொழிலு" என்றார் நாராயணப்பன். பச்சைக் கல்லைத் தட்டில் நடுவே வைத்துப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டியாயிற்று. அன்றைக்கு லாரிகளை யாரும் சோதனை போடுவதில்லை. வந்த லாரிக்கெல்லாம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, அதே தட்டை நீட்டிப் பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பினார்கள். கங்கப்பன்தான் தட்டைப் பிடித்திருந்தான். சந்தோஷமான நாள். வந்தவன் போனவனெல்லாம் அள்ளிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் தட்டில் நாலு கடலை இருந்தது. கல் இல்லை.

பூஜைக் குப்பையைக் கிளறினார்கள். உடைத்த பூசணிக்காயைக் கிளறினார்கள். ஐந்தாம் நாள் மதுரைவீரன் என்ற லாரி டிரைவர் சிரித்த முகமாக வந்து இறங்கினான். தெற்கத்தி ஆள், பெங்களூருக்கு வெல்லம் ஏற்றுகிறவன்.

"அண்ணே, நீங்க தந்த சாமிக் கல்லு ராசியான கல்லுண்ணே! எங்க மொதலாளி பெங்களூர்ல புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்டாரு. குங்குமம் வச்ச கல்லு, நல்லதுன்னு ஈசானி மூலையில அதை வச்சி மேல செவுரு எழுப்பிட்டோம்."

இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததில் லைசென்சு இல்லாமல் எல்லை தாண்டிய ஒரே கல், சர்க்காரின் சொந்தக் கல். அதையும் கொடுத்தனுப்பியவன் கங்கப்பனே. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாராயணப்பன் காலி டப்பியை மூடிவைத்தார். "கார்த்திகையில மதராஸ் ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரு. டப்பியைக் கேப்பாரு. மிலிட்டரி விஷயம்பா, ஜெயிலுக்குக்கூட அனுப்புவாங்க. பேரு உன்னுதுதான் இருக்குது" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

கங்கப்பன் பத்து நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. கடைசியில் முனிலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "எப்பிடி இருக்கும் அந்தக் கல்லு?" என்றாள். சொன்னான். அவள் எழுந்து, அவர்களுடைய கொல்லைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கொல்லை மூக்கண்டப்பள்ளிக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் தரிசு. பண்ணை வேலை செய்த குடும்பங்களுக்குச் சர்க்கார் எழுதிக் கொடுத்தது. கையில் ஒரு சீட்டுத்தான் இருந்தது, பட்டா இன்னும் தாசில்தார் ஆபீசில் தூங்கியது. கங்கப்பன் சாவடியே கதி என்று கிடக்க, மூன்று வருஷமாகக் கல் பொறுக்கி, முள் வெட்டி அதை நிலமாக்கியவள் முனிலட்சுமி. இந்த வருஷம்தான் கேழ்வரகு முழங்காலுக்கு மேலே வந்து கதிர் பிடித்திருந்தது. ஊடே அவரையும் காய்த்திருந்தது. வரப்பு மூலையில் அவள் பொறுக்கிப்போட்ட கல் குவியலாகக் கிடந்தது. அதில் கையை விட்டு ஒன்றை எடுத்து, முந்தானையில் துடைத்துக் காட்டினாள்.

"இதா?"

ஆறு பட்டை. பச்சை. டப்பிக் கல்லைவிடப் பெரிசு. கங்கப்பன் குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தான். அது போலவே இன்னும் எத்தனையோ. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறான்.

"இது கலப்பையைத் தேய்க்கும், வேறெதுக்கும் ஆவாது. இதுக்கா இவ்வளவு ரகளை?" என்றாள் முனிலட்சுமி.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருப்பதில் சின்னதாக ஒன்றைக் கழுவி டப்பியில் வைத்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றைக்கு இரண்டு உருண்டை களி கூடத் தின்றான்.

கார்த்திகையில் ஜீப்பில் ஆபீசர் வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையானவர், குரலை உயர்த்தவே இல்லை. ரெஜிஸ்தரைப் பார்த்தார். அம்மிக்கல், ஆட்டுக்கல், மோதிரம் என்று எழுதியிருந்ததைப் படித்துக் கொஞ்சம் இருமினார். பிறகு டப்பியைத் திறந்தார். கல்லை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"இது நான் அனுப்பின கல் இல்லையே."

நாராயணப்பன் கங்கப்பனைப் பார்த்தார். கங்கப்பன் தரையைப் பார்த்தான்.

"நான் அனுப்பினது மட்டமான கல். இது முதல் தரம். பயப்படாதே, அது தொலைஞ்சிருந்தா போகட்டும், ஒரு லெட்டர் எழுதினா வேற அனுப்புவாங்க. இது எங்கே கிடைச்சுது? அதைச் சொல்லு."

ஒரு லெட்டர்! பத்து நாள் பட்டினி கிடந்தது ஒரு லெட்டருக்கா? கங்கப்பன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"இடத்தைக் காட்டினேன்னா உன்னைப் பத்தி நானே மேலே எழுதறேன். பர்மனெண்ட் என்ன, அதுக்கு மேலேயும் கிடைக்கும்" என்றார் ஆபீசர். முகமெல்லாம் சந்தோஷம்.

"எடத்தை என்னங்கய்யா செய்வீங்க?"

"சர்க்கார் எடுத்துக்கும். வேலி போட்டுத் தோண்டணும். முப்பது நாற்பது அடிக்குப் போகலாம்."

"அதுல பயிரு இருந்துச்சுன்னா?"

"பட்டா இருந்தா நஷ்ட ஈடு உண்டு."

"பட்டா இன்னும் வரலீன்னா?"

"அப்போ அது சர்க்கார் நிலம்தானே? சர்க்கார் நிலத்துக்குச் சர்க்கார் எதுக்கு நஷ்ட ஈடு தரணும்?" ஆபீசர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

கங்கப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அரிவாளும் கையுமாக முனிலட்சுமி அந்த நேரம் கொல்லையில்தான் இருந்தாள். அறுப்பு ஆரம்பித்து இரண்டு நாள்.

"ஒரு வண்டிலேருந்து எடுத்துங்க" என்றான்.

நாராயணப்பன் நிமிர்ந்தார். "எந்த வண்டி? ரெஜிஸ்தர்ல இல்லியே?"

ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தினால் அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது. பிடித்த வண்டி ரெஜிஸ்தரில் இல்லையென்றால் என்ன அர்த்தம்? அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்த அர்த்தம்தான்.

"வண்டியை... உட்டுட்டங்க."

"ஏன் விட்டே?" ஆபீசரின் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

ரைட்டர் கங்கப்பன் காதருகே குனிந்து, "திம்மப்பன் பேரைச் சொல்லிடு. அவந்தான் வாரா வாரம் போறவன்" என்று முணுமுணுத்தார். அவர் பயம் அவருக்கு. கங்கப்பன் முடியாது என்று தலையை ஆட்டினான்.

"யாரோ அசலூரு ஆளுங்க. பேரு தெரியாது. ராயக்கோட்டைப் பக்கமோ, எந்தப் பக்கமோ."

"விடறதுக்கு என்ன வாங்கினே?"

இந்த இடத்தில்தான் அவன் மாட்டிக்கொண்டான். வாழ்நாளில் ஒரு பீடிகூட வாங்காதவன். ஒரு வண்டிக் கல்லை விடுவதற்கு என்ன விலை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூடச் சொன்னால் பணம் எங்கே என்பார்கள். ஒன்றும் வாங்கவில்லை என்றால் நம்ப மாட்டார்கள். சாவடி வாசலில் யாருடையதோ ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"கோழிங்க" என்றான். "ஒரு கோழி."

ஆபீசர் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். "நாட்டோட பாதுகாப்பை ஒரு கோழிக்கா வித்தே?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நாராயணப்பன் வாயைத் திறந்தார், மூடினார். கங்கப்பன் கோழி வாங்குகிறவன் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். வாக்குமூலம் எழுதி, கங்கப்பன் அதற்கும் கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டான். ஜெயிலுக்கு அனுப்பவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வெற்று உடம்போடு அவன் கொல்லைக்கு வந்தபோது முனிலட்சுமி கதிரைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டை எங்க?"

சொன்னான். அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"நீங்களா? நீங்க லஞ்சம் வாங்கினேன்னு சொன்னீங்களா? அத்தினி பேரு எதிர்லயா?"

"வேற என்னா சொல்றது? நெலம்னு சொன்னா நெலம் போயிடும்."

"வாங்கினது வாங்கினீங்க, ஒரு மாடுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டவள் அந்த வார்த்தை முடிவதற்குள் அழுதுவிட்டாள். அவனும் அழுதான். அழுது முடித்து இருவருமாகப் பச்சைக் கற்களைக் கூடையில் அள்ளி, பக்கத்துப் பாழுங்கிணற்றில் சாயங்காலம் வரை கொட்டினார்கள். அவை யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், தடுத்தது சரியா மறைத்தது சரியா என்று கடைசிவரை கங்கப்பனுக்கு விளங்கவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

சேதி ஊருக்கு வருவதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. தேசத்தைக் கோழிக்கு விற்றவன் என்றார்கள். அம்மி வியாபாரி திம்மப்பன்தான் அதிகம் சிரித்தான். "என் அம்மியை அஞ்சு வாரம் தடவினியே, ஒரு முட்டை கொண்டாந்திருந்தா உட்டிருப்பியா?" என்று சந்தையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். கங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு போனான். வருஷம் திரும்புவதற்குள் 'கோழிக் கங்கப்பன்' என்பது வோட்டர் லிஸ்ட் எழுத வந்தவன் விசாரிக்கிற பேராகவே ஆகிவிட்டது. நாராயணப்பன் மாற்றலாகிப் போகுமுன் ஒரு நாள் கொல்லைப் பக்கம் வந்து, எதுவும் கேட்காமல் வரப்பில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பட்டா நான்கு வருஷம் கழித்து வந்தது. அதன் பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை. நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு எங்கே போவது?

கெம்பம்மாவுக்குப் பதினெட்டு வயதானபோது சூளகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பையனின் தகப்பன் வாசலிலேயே நின்று, வீட்டையும் அதற்குப் பின்னால் பச்சென்று நின்ற கேழ்வரகையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. வழியில ஒருத்தர் சொன்னாரு. சாவடியில இருந்தப்ப கோழி வாங்கிக்கிட்டு..."

கதவோரம் நின்ற முனிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "அது அப்பிடி இல்லீங்க, அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னா" என்று ஒரு அடி முன்னால் வந்தாள். கங்கப்பன் கையை நீட்டி அவளை நிறுத்தினான்.

"ஆமாங்க" என்றான். "வாங்கினவன் நான்தான். உள்ள வாங்க."